நெஞ்சு படபடப்பு: யாருக்கும் இல்லை

அக்கா மாத்திரை தின்ற அந்த மூன்று மாதமும் எங்கள் தாராவி வீட்டுக்குள் யாரோ கூடுதலாக வெளிச்சத்தைத் திறந்துவிட்ட மாதிரிதான் நினைவில் இருக்கிறது. விடிவதற்குள் அக்கா செம்புகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, எல்லார் துணியையும் துவைத்து முடித்து, பாடிக்கொண்டிருப்பாள். அதற்கு முன் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. சோற்றை வைத்தால் விரலால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். "பசியே எடுக்கலட்டி. காத்துல நடக்க மாதிரி இருக்கு," என்பாள்.

மாத்திரை என்னால் வந்தது. செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். உடம்பு இளைக்க வெளிநாட்டு மாத்திரை ஒன்றை அவர்கள் இங்கே விற்கப் பார்த்தார்கள். அதற்கு சர்க்கார் அனுமதி வேண்டும்; அனுமதி கேட்க, நம் ஊர் ஆட்கள் தின்று பார்த்த விவரம் வேண்டும். ஆள் தேடினார்கள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரர்கள், "பிள்ள தங்கம்தான், சதைதான் கொஞ்சம் சாஸ்தி" என்று அப்பா காதில் விழும்படியே சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து வருகிறோம் என்று போயிருந்தார்கள். இவர்கள் வீட்டு மாப்பிள்ளை என்ன, வாழைத்தண்டா? வந்ததில் அது மூன்றாவது இடம். அக்காவுக்கு இருபத்தாறு வயது. அன்று உடுத்திய பட்டுச்சேலையை அவள் மடிக்காமலே பெட்டிக்குள் திணித்தாள்.

சனிக்கிழமைதோறும் எடை பார்க்க வேண்டும். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறிச் செம்பூர் போவோம். பெண்கள் பெட்டியில் கூட்டம் நெருக்க, அக்காவின் மார்பு என் முதுகில் அழுந்தும். ஒருநாள் அவள் நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடுவது என் முதுகில் தெரிந்தது.

"எக்கா, என்ன இப்படி அடிக்கி?"

"கூட்டம்லா, அதான்."

செம்பூர் பிளாட்பாரத்தில் கூட்டமே இல்லை. வேப்பமரத்து நிழலில் நிறுத்தி அவள் நெஞ்சில் கை வைத்தேன். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் வயதான பார்சிக்காரர். இங்கிலீஷில்தான் கேட்பார். அக்காவின் இந்தியே காய்கறிக்காரியோடு முடிந்துவிடும், இங்கிலீஷுக்கு எங்கே போவாள்? நான்தான் இரண்டு பக்கமும் பேசுவேன். ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார்.

அக்கா சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னாள்: "படபடன்னு அடிக்குன்னு சொல்லிராதட்டி. மாத்திரைய நிறுத்திருவாவ."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் பாட்டு நின்றுபோகுமே என்றும் இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லை டாக்டர் என்றேன். அவர் நம்பி எழுதிக்கொண்டார், பாவம்.

பிறகு அந்த விவரமெல்லாம் டைப் அடிக்க என் மேஜைக்கே வந்தது. கார்பன் வைத்து ஐந்து பிரதி. அக்கா பெயருக்குப் பதில் ஒரு எண் போட்டிருந்தார்கள். 'படபடப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று, கடைசிப் பிரதிவரை பதியட்டும் என விசையை ஓங்கித் தட்டினேன். விரலுக்கு வெட்கம் உண்டா என்ன?

தூத்துக்குடிக்காரர்கள் திரும்ப வந்தார்கள், பார்த்தார்கள், வாயெல்லாம் பல்லாக சம்மதம் சொன்னார்கள். கல்யாணம் தை மாதம் என்று முடிவானது. கம்பெனியிலோ பரிசோதனை முடிந்து மாத்திரை நின்றுவிட்டது. அக்காவின் பாட்டும் நின்றது, பசி திரும்பியது, தைத்து வைத்த ரவிக்கை கையில் இறுக ஆரம்பித்தது. அவள் சோற்றைப் பார்த்து அழுதாள்.

கார்த்திகையில் அனுமதி வந்தது. ஆபீசில் ஆளுக்கொரு பேடா கொடுத்தார்கள். அடுத்த வாரமே மாத்துங்காக் கடையில் மாத்திரை கிடைத்தது, அக்கா சொல்லி நானே வாங்கி வந்தேன். பத்து நாளில் பழையபடி செம்பெல்லாம் பளபளத்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெயிலில் சாய்ந்தபடி, மாத்திரை டப்பாவுக்குள் மடித்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "நெஞ்சப் பத்தி என்ன போட்ருக்குன்னு வாசி."

வாசித்தேன். இந்தியாவில் தின்று பார்த்தவர்களில் படபடப்பு யாருக்கும் இல்லை என்று இருந்தது.

அக்காவின் முகம் தெளிந்தது. "யாருக்குமே இல்லியாம் பாத்தியா! அப்போ இது மாத்திரையால இல்லட்டி. கல்யாணப் பயம்தான். நான்கூட என்னமோன்னு நெனச்சு பயந்துட்டேன்."

எக்கா, அந்த 'யாருக்கும் இல்ல'ல நீயும் ஒருத்திதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

நான்தான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.