சகலையின் சைக்கிளை விட்டுவிட்டுப் பறந்த விமானம்

ஐதராபாத்திலிருந்து மதுரைக்கு விமானத்தில் சைக்கிளைக் கொண்டுபோய், ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை மிதிக்க வேண்டும் என்பது என்னுடைய ஐந்து வருடத் திட்டம். என்னுடைய திட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது கேட்டால், அது என் சகலை பிரபுவின் திட்டம் என்றுதான் சொல்வார்கள்.

பிரபு என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஏழு வயது இளையவன். அவனும் ஐதராபாத்தில்தான் இருக்கிறான். என் சைக்கிள் முப்பத்தெட்டாயிரம், பதின்மூன்று கிலோ. அவனுடையது கார்பன் சட்டம், எட்டு கிலோகூட இல்லை. விலையைக் கேட்டால் நான் கார் வாங்கிய நாள் ஞாபகம் வரும். போன வருடம் அவன் ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டியதை அத்தை, அதாவது எங்கள் மாமியார், பால்காரர் முதற்கொண்டு எல்லாரிடமும் போனில் காட்டியிருக்கிறார். மாமா அதிகம் பேசாத மனிதர். அவரே, "சின்ன மாப்ளை கெட்டிக்காரரு" என்றாராம். பதினாலு வருடமாக மருமகனாக இருக்கிறேன், என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பயணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் போவதென்று முடிவு செய்தேன். மனைவிமார் இருவரும் பண்டிகைக்கு முன்பே ரயிலில் ராமநாதபுரத்துக்கு, மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிரபுவிடம் வாய்தவறிச் சொன்னேன். "நானும் வாரேண்ணே" என்று அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டான்.

சைக்கிளை விமானத்தில் ஏற்றும் விதிகளை நான் கரைத்துக் குடித்திருந்தேன். உங்களுக்கும் உதவும், கேளுங்கள். அட்டைப்பெட்டி சைக்கிள் கடையில் கிடைக்கும், எனக்கு ₹150 ஆனது. முன்சக்கரத்தையும் பெடல்களையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும். கைப்பிடியைச் சட்டத்தோடு ஒட்டித் திருப்பி, சீட்டை இறக்கி, டயர்களில் பெரும்பகுதிக் காற்றை விட்டுவிடுங்கள். ஸ்பானர், மடக்குக் கருவி எல்லாம் பெட்டிக்குள். விளக்கின் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில். பெட்டியோடு என் சைக்கிளின் எடை பதினேழரைக் கிலோ. விளையாட்டுச் சாமான் கட்டணம் வரியோடு ₹2,100 வாங்கினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே நீங்கள் பறக்கும் நிறுவனத்திடமே கேளுங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மதுரைக்கு நாங்கள் பிடித்தது காற்றாடி வைத்த சின்ன விமானம். சாமான் அறையின் கதவே சின்னது. சைக்கிள் பெட்டி வருகிறதென்று இரண்டு நாள் முன்னாலேயே போனில் சொல்லிப் பதிய வேண்டும். நான் மூன்று நாள் முன்னால் கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண், "இந்த விமானத்தில் ஒரு சைக்கிள் பெட்டிக்குத்தான் இடம் உறுதி சார், உங்கள் பெயரைப் போட்டுவிடவா?" என்றார்.

போடச் சொன்னேன். பிரபுவிடம் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை. அன்று சாயங்காலம் அவனே போன் செய்து, "வேற ஏதும் செய்யணுமாண்ணே?" என்று கேட்டான். "டயர்ல காத்தை இறக்கிரு, அவ்வளவுதான்" என்றேன். போனை வைத்தபின் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை 7.40 விமானத்துக்கு 5.15க்கே போய்ச் சேர்ந்தோம். நான் அட்டைப்பெட்டி, அவன் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி. அவன் பெட்டி பின்னாலேயே உருண்டு வருகிறது, நான் கோணிமூட்டை தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போகிறேன். கவுண்டரில் நான் நினைத்தது அப்படியே நடந்தது. என் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினார்கள். பிரபுவின் பெட்டி பதியப்படவில்லை, பண்டிகைக் கூட்டம், இடம் கிடைக்கிற அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்றார் கவுண்டர்ப் பெண்மணி. நான் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது, "பரவால்லண்ணே, நாளைக்கு வந்துரும்" என்று சிரித்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தாலாவது தேவலை.

பெரிய சாமான்களுக்கான ஸ்கேனரில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டயருக்குக் காற்றடிக்க இரண்டு சின்ன வாயுக் குப்பி வைத்திருந்தேன். அழுத்த வாயு விமானத்தில் கூடாது என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். எல்லா விதியும் தெரிந்த எனக்கு அந்த விதி தெரியாமல் போயிற்று. குப்பி இருக்கிறதே என்று கைப்பம்பையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மதுரையில் இறங்கி ஏழு பேர் உட்காரும் வண்டியாகப் பார்த்துப் பிடித்தோம். சின்னக் காரில் பெட்டி நுழையாது, ஏமாந்துவிடாதீர்கள். ராமநாதபுரம் வரை 115 கிலோமீட்டர், ₹3,400, இரண்டரை மணி நேரம். டிரைவர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள சைக்கிளா சார்? ஒரு சைக்கிளைக் கொண்டாறதுக்கு இம்புட்டுச் செலவா? எங்க ஊர்ல சைக்கிளே இல்லைன்னா நெனச்சீங்க?" என்றார். பிரபு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிரபுவின் பெட்டி வரவில்லை. திங்கட்கிழமைக்கு முன் வராது என்று போனில் சொல்லிவிட்டார்கள். உள்ளுக்குள் எனக்குத் திருவிழா. சனிக்கிழமை காலை நான் ஒருவன் மட்டும் மிதிப்பேன். ஞாயிறு காலை வீட்டார் எல்லாரும் வேன் பிடித்து அரிச்சல்முனைக்கு வருவதாக ஏற்பாடு. மாமா அங்கே என்னை மட்டும் பார்ப்பார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரபு சாதாரணமாகக் கேட்டான். "மாமா, உங்க சைக்கிளைத் தாறீங்களா? ரெண்டு நாள்ல கொண்டாந்துர்றேன்."

மாமாவின் சைக்கிளைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். மின்கம்பம் ஏறும் வேலையில் முப்பது வருடம் அதில்தான் போய்வந்தார். கறுப்பு நிறம், சங்கிலிக்கு முழு மூடி, டைனமோ, பின்னால் அகலக் கேரியர். ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். சாவி எப்போதும் சட்டைப்பையில். வீட்டில் அதை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. மாமா சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு ரசம் இறங்கவில்லை. அத்தை, "என்ன மாப்ளை, காரமா?" என்றார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை காலை 5.30க்கு மாமா வீடு இருக்கும் பட்டணம்காத்தானிலிருந்து கிளம்பினோம். ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். சாலை மேடுபள்ளம் இல்லாதது, ஆனால் தை மாதத்தில் வாடைக்காற்று எதிர்த்தும் பக்கவாட்டிலும் அடிக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தக் கறுப்பு சைக்கிளில் அவன் பத்துக் கிலோமீட்டரில் நாக்குத் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். உச்சிப்புளி வரை என் பின்னாலேயே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

உச்சிப்புளியில் 6.50க்கு டீ, ஒன்று ₹12. கடைக்காரர் நேராகப் பிரபுவிடம் வந்தார். "எங்கன போறீக? இந்த வண்டியில தனுஷ்கோடிக்கா? நல்ல கால் வலுதான்!" என்று டைனமோவைச் சுற்றிப் பார்த்து, தன் சைக்கிள் கதை முழுவதையும் அவனிடம் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். ஹெல்மெட்டும் இறுக்கமான அரைக்கால்சட்டையுமாக நின்ற என்னைப் பார்த்து, "இவுக யாரு, வெளியூர்க்காரவுகளா? தமிழ் தெரியுமா?" என்று அவனிடம் கேட்டார். "எங்க அண்ணன்தான். பிளான் எல்லாம் இவரோடதுதான்" என்றான் பிரபு. ஒருவர்கூட நம்பியதாகத் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் ஒரு வடை இலவசம்.

வேதாளை தாண்டி 8.10க்கு என் பின்டயர் பஞ்சர். மாற்று டியூப் இருந்தது, மாட்டிவிட்டேன். காற்றுக்குத்தான் வழியில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனால் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருந்தார். பம்ப் எல்லாம் உண்டு, ஆனால் அதன் வாய் என் டியூபின் ஒல்லி வால்வில் உட்காரவில்லை. "இது என்ன வாத்தியாரே, ஊசி மாதிரி இருக்கு? நம்ம கடையில இதுக்குத் தோது இல்லையே" என்று கையை விரித்தார். மண்டபத்திலும் கிடைக்காது என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. முப்பத்தைந்து கிலோமீட்டரில் என் ஐந்து வருடத் திட்டம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பிரபு தன் இடுப்புப் பையைத் துழாவி, சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை மூடி ஒன்றை எடுத்தான். ஒல்லி வால்வின் மேல் திருகினால் சாதாரணப் பம்பே பிடிக்கும். ஐம்பது ரூபாய்ச் சாமான். தயவுசெய்து நீங்களும் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாய் காற்றடித்துவிட்டுத் தட்டிப் பார்த்தார். "நிக்கும், இன்ஷா அல்லாஹ்" என்றார். காசு வாங்கவில்லை. பிரபு ஓட்டி வந்த சைக்கிளுக்கும் சும்மாவே இரண்டு அடி அடித்துவிட்டார்.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது 9.20. காற்று சைக்கிளைப் பிடித்துத் தள்ளியது. பாலத்து முனையில் மீன்கூடையோடு நின்ற ஒருவர், "வாடை இன்னும் அடங்கலைய்யா. கைப்புடிச் சுவரு ஓரமாப் போகாதீக, இறங்கி உருட்டுங்க" என்றார். என் இலேசான வண்டி ஆடிய ஆட்டத்தில் நான் இறங்கி உருட்டினேன். மாமாவின் இரும்பு சைக்கிளில் பிரபு அசையாமல் மிதித்துப் போனான். கீழே புதிய ரயில் பாலத்தை எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 மணிக்கு ராமேஸ்வரம். அறை ₹1,200, சைக்கிள்களை உள்ளேயே வைக்க விட்டார்கள்.

ஞாயிறு காலை 6.15க்குக் கிளம்பி அரிச்சல்முனைக்கு 22 கிலோமீட்டர். இந்தச் சாலையில் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வேன்கள் நெருக்கும், நிழலும் கிடையாது. கடைசி ஐந்து கிலோமீட்டர் இரண்டு பக்கமும் கடல். நான் மூச்சைப் பிடித்து மிதித்து, பிரபுவுக்கு முன்னால் முக்கால் கிலோமீட்டர் இடைவெளியில் 7.40க்குப் போய்ச் சேர்ந்தேன். வேன் வந்து நின்றிருந்தது. மாமா இறங்கி வந்தார். என்னைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார். "சின்ன மாப்ளை எங்க வாறாரு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மாமா, பதினாலு வருஷத்துல எனக்கு ஒருநாள் உங்க சைக்கிளைத் தந்ததில்லையே?" என்று கேட்டே விட்டேன். குரல் எனக்கே சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது.

மாமா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே மாப்ளை. கார்ல வாறீக, கார்ல போறீக. குடுத்தா சங்கடப்படுவீகன்னு நானும் விட்டுட்டேன்" என்றார். அதற்குள் பிரபு வந்துவிட, அத்தை இட்லிப் பாத்திரத்தைத் திறந்தார்.

திங்கட்கிழமை பிரபுவின் பெட்டி மதுரைக்கு வந்தது. பஸ் பிடித்துப் போய் வாங்கி, அப்படியே ரயில் பார்சலில் ஐதராபாத்துக்குப் போட்டுவிட்டு (₹640) சாயங்காலம் திரும்பினான். அந்த விலையுயர்ந்த சைக்கிள் ராமநாதபுரம் மண்ணை மிதிக்கவேயில்லை. ஏன் ரயிலில் என்றதற்கு, "அது கெட்டிப் பெட்டிண்ணே, ரயில்லயே தாங்கும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மதுரை கவுண்டருக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பும் விமானத்துக்கு என் பெட்டியை நான் பதியவே இல்லை. கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிவிட்டு, "உங்க பேர்ல இருக்கே சார். போன வியாழக்கிழமையே பதிஞ்சிருக்கு. ஒரு பெட்டிதான் இடம், அது உங்களுதுதான்" என்றார்.

போன வியாழக்கிழமை நாங்கள் வந்து இறங்கிய நாள். பின்னால் நின்ற பிரபுவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஐதராபாத் கவுண்டர்லயே அந்தம்மா சொன்னாங்கண்ணே, ஒரு பெட்டிக்குத்தான் இடம், நீங்க மூணு நாளுக்கு முன்னாடியே பதிஞ்சிட்டீங்கன்னு. திரும்புறதுக்கு விட்டுப்போயிரக் கூடாதேன்னு நான் வண்டியில வரும்போதே மெசேஜ் போட்டுப் பதிஞ்சுட்டேன்."

"நான் அன்னிக்கு மறக்கலை பிரபு" என்றேன்.

"தெரியும்ணே" என்றான். என் பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனர் பக்கம் நடந்தான்.

ஆகவே இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சின்ன விமானமாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே கூப்பிடுங்கள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இடம் ஒன்றுதான் என்றால் கூட வருகிறவனிடம் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். அவன் கார்பன் சைக்கிள் மேல் எனக்கிருந்த எரிச்சல் ஐதராபாத் போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டது. அந்த மாதிரி ஒரு சைக்கிளை நானும் என்றைக்காவது தவணையில் வாங்கிவிடலாம். தெரிந்தும் ஐந்து நாள் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தானே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.