பெரில் சக்டனின் கறுப்பு நோட்டு

பெரில் சக்டன் செத்துப் பதினோரு மாதமாகியும் அவளுடைய நோட்டு காயவில்லை.

நோரீன் அதைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஓட்டிப் பார்த்தாள். சாயங்காலம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். காலையில் எடுத்தால் ஓரமெல்லாம் ஈரம், கூடவே சலவைத்தூள் வாசனை. ஆனால் ஓர் எழுத்துகூடக் கலங்கியிருக்காது.

அந்த வாசனை பெரிலுடையது. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் ஓர் ஆலை ஊரில், பாலத்தடியில், காசு போட்டுத் துவைக்கும் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். புருஷன் லாரி ஓட்டினான். ஹல் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவன் திரும்பி வரவில்லை. "லாரி மட்டும் பத்திரமா வந்து சேந்துச்சு, அதுக்குத்தான் புத்தி இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். பகலெல்லாம் ஊராருடைய படுக்கை விரிப்புகளை மடிப்பாள். பௌர்ணமி வந்தால் தன் ஆட்களைக் கூட்டி, விக்கா என்னும் சூனிய வழிபாட்டு வட்டம் போடுவாள். சூனியக்காரி என்று சொல்லிக்கொள்ள அவள் கூசியதில்லை. வட்டம் கீறுவதற்கென்றே வைத்திருக்க வேண்டிய கறுப்புப் பிடிக் கத்தியைத் தொலைத்துவிட்டு, ரொட்டிக் கத்தியாலேயே ஒன்பது வருஷம் ஓட்டினாள். பாதிரியார்கூடத் தம் அங்கியை அவளிடம்தான் வெளுக்கக் கொடுத்தார்.

நோரீன் அவளைவிட ஆறு வயது மூத்தவள். கணவன் இறந்த குளிர்காலத்தில், அவனுடைய ஏழு சட்டைகளையும் வாரம் தவறாமல் கொண்டுவந்து நாலாம் நம்பர் மிஷினில் போட்டுவிட்டு, அவை சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது வாரம் பெரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, உடுத்தாத சட்டையை எத்தனை தடவை வெளுப்ப? அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரு?"

நோரீனுக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகுதான் அழுகை.

"அழு, அழு. அழுது முடிச்சுட்டு வா, எனக்குத் தரையைப் பெருக்கிக் குடு. வட்டம் போடறதுக்கு முந்தி பெருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நோரீன் கற்ற முதல் பாடம் அதுதான். அடுத்த இரண்டு குளிர்காலமும் பெரிலின் நோட்டைப் பார்த்து, சடங்கு ஒவ்வொன்றையும் தன் நோட்டில் கையால் எழுதிக்கொண்டாள். அவர்கள் வழக்கம் அது. இரண்டு நோட்டுகளும் ஒரே சந்தைக் கடையில் வாங்கியவை. கறுப்பு அட்டை, சிவப்பு முதுகு.

இன்னொரு வழக்கமும் உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பெரில் அதைத்தான் சொன்னாள்.

"நான் போனதும் என் நோட்டை எரிச்சிடு. வெச்சுக்கலாம்னு ஆசைப்படாத. எவ நோட்டு எரியுதோ அவதான் போனவ. எரியலேன்னா நான் உன் வாசல்ல மழையில நின்னுட்டிருப்பேன், பாத்துக்க."

"சரிடி, சரி. எரிக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடக்கம் முடிந்த மறுநாள் க்ளைவ் வீட்டுப் பின்கட்டில் இரும்புத் தொட்டியில் தீ மூட்டினார்கள். க்ளைவ் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி ஈனிட், பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் மார்சியா, நோரீன். மிஞ்சிய வட்டம் அவ்வளவுதான். நோரீன் கறுப்புத் துணியில் சுற்றிய நோட்டைத் தீயில் வைத்தாள். எல்லோரும் அழுதார்கள்.

எரிந்தது நோரீனின் நோட்டு.

இடப்பக்கம் சாய்ந்து, காற்றில் கொடியில் ஆடும் துணிபோல வரும் அந்தக் கையெழுத்தைத் தீயில் போட அவளுக்கு மனம் வரவில்லை. என் நோட்டு என் எழுத்துதானே, போனால் போகட்டும் என்று நினைத்தாள்.

வசந்தத்தில்தான் முதன்முதலாகப் பேருந்து நிற்காமல் போனது. ஓட்டுநருக்கு ஞாபக மறதி என்று நினைத்தாள். மறுநாளும் நிற்கவில்லை. கையைக் காட்டினால் நிற்கும். காட்டாவிட்டால் அவள் அங்கே இல்லாதது போலப் போய்விடும். இறைச்சிக் கடைக்காரர் அவள் தலைக்கு மேலாகப் பின்னால் நிற்பவரிடம் "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். தங்கை வருஷந்தோறும் அனுப்பும் பிறந்தநாள் அட்டை வரவில்லை. பெரில் விட்டுப்போன பூனை அவள் மடியைத் தாண்டிப் போய், காலி நாற்காலியில் ஏறிப் படுத்துச் சுகமாகக் குறுகுறுத்தது.

மார்சியாவோ வேறு கதை சொன்னாள். "நேத்து பெரில் கடைப்பக்கம் போனேனா, நாலாம் நம்பர் மிஷின் யாருமே இல்லாம ஓடிட்டிருக்கு! உள்ள துணியே இல்ல. நான் சொல்லவா வேணும், திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

நோரீன் வீட்டுக்கு வந்து நோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிழியலாம் போல ஈரம்.

அக்டோபர் கடைசி நாள் வந்தது. போனவர்களை அழைத்து உண்ணும் மௌன விருந்து நாள். க்ளைவ் வீட்டு வாசற்படி மிதித்ததிலிருந்து மெழுகுவத்தி அணையும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. சாப்பாடும் தலைகீழாக வரும்: முதலில் கேக், பிறகு இறைச்சி, கடைசியில் சூப். ஒரு நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். அது போனவருக்கு.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நோரீன் போனாள். வீட்டில் விட்டுவர ஏனோ பயமாக இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே மூவரும் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜையில் நான்கு தட்டுகள். நான்கு நாற்காலிகள்.

அவள் எண்ணினாள். க்ளைவ், ஈனிட், மார்சியா, கறுப்புத் துணி போர்த்திய நாற்காலி. மறுபடி எண்ணினாள். ஐந்து இருக்க வேண்டும். கேட்கலாமென்றால் கேட்கக் கூடாத வீடு. ஈனிட் எழுந்து மூவருக்கும் கேக் வைத்தாள். பிறகு நோரீனை உரசிக்கொண்டு போய்க் கறுப்பு நாற்காலியின் தட்டில் ஒரு துண்டு வைத்தாள். அந்தத் துண்டில் இஞ்சி மிட்டாய் வைத்திருந்தது. பெரிலுக்கு இஞ்சி ஆகாது. நோரீனுக்குத்தான் உயிர்.

எவ நோட்டு எரியுதோ அவதான் போனவ. அந்தக் குரல் காதுக்குள் கேட்டதா, வெளியே கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பினாள். வாசற்படிக்கு அப்பால் மழையே இல்லை. ஆனால் வாசல் கால்மிதி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, யாரோ வெகுநேரம் அதன்மேல் நின்றது போல.

உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நாற்காலி தயாராக இருந்தது. நோட்டும் அவளிடமே இருக்கும்.

அவள் பையைத் திறந்தாள். இந்த ஈரம் எங்கே எரியப்போகிறது என்று நினைத்தபடியே கணப்பில் போட்டாள். வைக்கோலைப் போலப் பற்றிக்கொண்டது. பக்கங்கள் தாமே விரிந்தன. இடப்பக்கம் சாய்ந்த எழுத்துகள் ஒரு நொடி வெளிச்சமாக நின்று சுருண்டன. அறை முழுக்கச் சலவைத்தூள் வாசனை. மெழுகுவத்தி அணைந்தது.

"ஐயோ, யாரது!" மார்சியா அலறினாள்.

க்ளைவ் விளக்கைப் போட்டார். "நோரீன்? நீ எப்ப வந்த?"

"இப்பதான்" என்றாள் நோரீன். பிறகு, "இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அன்று தீயில் வைத்தது தன் நோட்டைத்தான் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஈனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தாள்.

"பைத்தியக்காரி" என்றார் க்ளைவ். "என் நோட்டைத் தரேன். மொதல் பக்கத்திலேருந்து மறுபடி எழுது."

மறுநாள் காலை அவள் கையைக் காட்டாமலேயே பேருந்து நின்றது.

"என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்? ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"தினமும் இங்கதாம்ப்பா நின்னேன்" என்றபடி ஏறி உட்கார்ந்தாள். சன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பெரிலின் பெயரை, அவள் எழுதுவதுபோலவே இடப்பக்கம் சாய்த்து, விரலால் எழுதிப் பார்த்தாள். அழித்துவிட்டு இன்னொரு முறை எழுதினாள். எத்தனை தடவை எழுதினாலும் நோரீனின் சொந்தக் கையெழுத்தே வந்தது.