பச்சைப் பெட்டியின் முனகல்

எங்கள் வீட்டில் பெயிண்ட் பார்க்காத இரும்பு என்றால் அது தோசைக்கல் ஒன்றுதான். என் கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தார். குண்டூசி முனை அளவுக்கு எங்கேயாவது இரும்பு பளிச்சென்று தெரிந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பி, சைக்கிள், தண்ணீர் வாளி, அரிவாள்மணையின் அடிக்கால் எல்லாம் ஒரே கரும்பச்சை. கல்யாணமாகி வந்த புதிதில், காலையில் கண் விழித்ததும் எந்தக் காட்டுக்குள் படுத்திருக்கிறோம் என்று எனக்கு ஒரு நொடி விளங்காது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் லைனில் இருந்தேன். காலை ஷிப்ட். சூடான கம்பியும் ஈயமும் பிடித்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள் வைப்பேன். என் கை பட்ட போர்டு இன்ஸ்பெக்ஷனிலிருந்து திரும்பி வந்ததே இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அவருக்கு கிட்டார் பைத்தியம். அம்பத்தூரைத் தாண்டிப் பாடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் மெல்லிசைக் குழு நடத்தினார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அந்தக் குழுவில் இவர் கிட்டார். ஆம்ப்ளிஃபயர் விலைக்கு வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை, எனவே நாங்களே செய்தோம். டிரான்சிஸ்டர் ஆம்ப். தகட்டை வெட்டி வளைத்துப் பெட்டி செய்து பெயிண்ட் அடித்தது அவர். உள்ளே போர்டில் ஈயம் வைத்தது நான். அந்தச் சில வாரங்களில் பேசிக்கொண்ட அளவுக்கு நாங்கள் பிறகு எப்போதும் பேசிக்கொண்டதில்லை என்று தோன்றுகிறது.

ஆம்ப் நன்றாகத்தான் பாடியது. ஆனால் சும்மா இருக்கும்போதும் பாடியது. சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். கிட்டார் பேசும்போது அமுங்கிவிடும்; பாட்டில் ஓர் இடைவெளி வந்தால் போதும், தலையைத் தூக்கும். மெலிதான பாட்டுகளில் பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் எங்கள் பெட்டிதான் நிரப்பியது.

“இன்னாமே, நீ ஈயம் வெச்ச லட்சணம் இதானா?” என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. எல்லாப் புள்ளியையும் உருக்கி மறுபடி வைத்தேன். முனகல் அப்படியே இருந்தது. ரிச்சி தெருவுக்குப் போய், கரண்ட்டைச் சீராக்கும் கண்டென்சர் பெரியதாக ஒன்று வாங்கி வந்து, பழையதை எடுத்துவிட்டுப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு திங்கள்கிழமை சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு ஒத்திகைக்கு ஆம்ப் சத்தமில்லாமல் வரவேண்டும். இல்லாவிட்டால் முகப்பேரில் ஒரு பையன் இருக்கிறான், சொந்தமாக நல்ல ஆம்ப் வைத்திருக்கிறான். அன்று இவர் சாப்பிடாமல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தந்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலையிலிருந்து வந்தால் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் மூன்று மணிக்கு வீடு திரும்பியதும் நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மதியத்தில் குவார்ட்டர்ஸே அசையாது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். எங்கோ தொலைவில் டாங்கியை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த அதிர்வு சிமெண்ட் தரை வழியாகக் காலுக்கு வரும். மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஆம்பை மட்டும் போட்டுத் தரையில் படுத்து, ஸ்பீக்கரின் பக்கத்தில் காதை வைப்பேன்.

அப்போதுதான் அந்தக் குரல்கள் கேட்டன. முனகலுக்கு உள்ளே, ரொம்ப ஆழத்தில், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறகு புரிந்தது. அது வானொலி. அந்தப் பக்கம் எங்கோ இருந்த கோபுரத்தின் ரேடியோ அலை அனுமதி கேட்காமலே எங்கள் பெட்டிக்குள் புகுந்திருக்கிறது. ஒருவர் நெல்லுக்கு எப்போது உரம் போடவேண்டும் என்று சொன்னார். ஒரு பெண் எதற்கோ சிரித்தாள். பிறகு ஒரு பாட்டு. சொற்கள் கரைந்துபோய் இழுவை மட்டும் வந்தது. கேட்டுக்கொண்டே கண் சொக்கிவிடும். பாதித் தூக்கத்தில் எது பெட்டியின் முனகல், எது என் மூச்சு என்று தெரியாது. உலகத்தில் எல்லோரும் பக்கத்து அறையில் இருப்பது போலவும், யாருக்கும் என்னிடம் ஒரு வேலையும் இல்லாதது போலவும் இருக்கும். பழுதைத் தேட உட்கார்ந்தவள் பழுதிலேயே சுகம் கண்டு கிடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை என்னை நானே திட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கிட்டார் ஒயரைப் பிடுங்கினேன், முனகல் இருந்தது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன்; அடங்கியது. அப்படியானால் கரண்ட் வரும் பக்கம் குற்றமில்லை. வால்யூமுக்கு முன்னால்தான் எங்கோ வெளியிலிருந்து நுழைகிறது. வெளியிலிருந்து எதுவும் நுழையாமல் தடுப்பதற்குத்தானே இரும்புப் பெட்டி? பெட்டியை எர்த்தோடு சேர்த்தால்தான் அது தடுக்கும். சேர்த்துத்தான் வைத்திருந்தோம், திருகாணி போட்டு முடுக்கியிருந்தது.

சந்தேகத்துக்கு ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை போர்டின் எர்த்தில் பிடித்து, மறு முனையைப் பெட்டியில் வைத்தேன். மாற்றமில்லை. இன்னோர் இடத்தில் வைத்தேன். அங்கும் இல்லை. அலுத்துப்போய் எடுக்கும்போது கை வழுக்கி, ஒயர் முனை பெட்டியின் மூலையில் பட்டது. பஸ்ஸில் எதிலோ இடித்துப் பெயிண்ட் உதிர்ந்த இடம் அது.

முனகல் நின்றது. உரம் சொன்னவர், சிரித்த பெண், இழுவைப் பாட்டு எல்லோரும் ஒரே நொடியில் போய்விட்டார்கள். அறை அவ்வளவு காலியாக இருந்ததை நான் அதற்கு முன்னால் உணர்ந்ததில்லை.

திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். அதற்கு அடியிலும் பச்சை. துளைக்குள்ளே சுற்றிலும் பச்சை. தொழிற்சாலையில் எப்படியோ அப்படியே, ஒரு புள்ளி விடாமல், பொறுமையாக, இரண்டு கோட்டு. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. பாவி மனிதர் எர்த்துக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

அவர் வந்ததும் பெட்டியின் முன்னால் உட்காரவைத்தேன். ஒயரைப் பச்சையில் வைத்தேன், முனகியது. உதிர்ந்த இடத்தில் வைத்தேன், அமைதி. இன்னொரு தடவை செய்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் உப்புத்தாள் கேட்டார். திருகாணிக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அவரே தேய்த்தார். தன் தோலைத் தானே உரிக்கிறவர் மாதிரி தேய்த்தார். வெள்ளை இரும்பு தெரிந்ததும் திருகாணியைப் போட்டு முடுக்கிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். பாடியில் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி, லேத்துகளுக்கு நடுவில் பாய் விரித்திருந்தார்கள். ஆம்பைப் போட்டார். சத்தமில்லை. வால்யூமைத் திருகத் திருக எல்லோரும் ஸ்பீக்கரையே பார்த்தார்கள். பிறகு ஒரு தந்தியைத் தொட்டார். அந்த ஒற்றை ஸ்வரம் தெளிவாக எழுந்து, மெல்ல மெல்லக் கரைந்து முடிகிற வரைக்கும் கேட்டது. மாஸ்டர் கையைத் தட்டினார்.

“சூப்பருப்பா! நீயே இரு, அந்தப் பையன் வேணாம்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “இப்பதாம்மா ஈயம் ஒழுங்கா வெச்சிகீற. மூணு மாசமா இவன் பொலம்பிக்கினே இருந்தான், பாவம். ஊட்டுக்காரிக்கு சால்டரிங் சரியா வரலன்னு.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்குள் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாரா? அங்கே அழுதால் அது உண்மையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் கிட்டாரைக் கழற்றிப் பாயில் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, திருகாணியைக் கழற்றி, தேய்த்த இடத்தை மாஸ்டருக்குக் காட்டினார்.

“ஈயத்துல ஒண்ணும் இல்ல மாஸ்டர். அவ வெச்சது மொதல்லேருந்தே கரெக்டு. பெயிண்ட்டு. நான் அடிச்ச பெயிண்ட்டு.”

“அப்போ மூணு மாசமா சொன்னது?”

“தப்பா சொன்னேன்.”

பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து குழுவில் அவருக்குப் பெயர் ‘பெயிண்ட்டு’. அவரும் மறுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

“கோவமா கீறியா?”

“கீறேன்.”

“எப்போ போவும்?”

“ஆவடி வரட்டும், பாக்கலாம்.”

அம்பத்தூர் எஸ்டேட் தாண்டும்போதே போய்விட்டது. நான் சொல்லவில்லை.