ஆயுத பூஜைக்கு நிறுத்திய சர்வர்

என் வீட்டுக்காரர் பெயர் சடையப்பன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. நாங்கள் குடியிருப்பது திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத்துக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் ஆபீஸ் பஸ் வரும், ஏறிப் போவார். சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டையைக் கழற்றி மாட்டுகிறாரோ இல்லையோ, நேரே அந்த இடுக்குக்குத்தான் போவார்.

இடுக்கு என்று நான் சொல்வது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடம். அரிசி டிரம் வைக்கத்தான் அதைக் கட்டினோம். தொண்ணூற்றாறில் அவர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அரிசி டிரம் கூடத்துக்கு வந்துவிட்டது. இரண்டாயிரம் வருவதற்குள் மூன்று பெட்டிகள் ஆகிவிட்டன. அவற்றை அவர் சர்வர் என்பார். ஓட்டலில் பரிமாறுகிறவரைத்தான் அதுவரை நான் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தேன். "இதுவும் அதாம்மே. நீ கேக்கறத கொண்டாந்து வெக்கும்" என்றார்.

மூன்றுக்கும் பெயர் உண்டு. பெரியது அண்ணன். அடுத்தது நடுவுலது. கடைசி தம்பி. படாளத்திலிருந்து என் அண்ணன் துரை வந்திருந்தபோது அந்த இடுக்கில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், மூணு எதுக்கு? ஒண்ணு பத்தாதா?"

"ஒண்ணு பாட்டெல்லாம் வெச்சிகினு கீது. ஒண்ணு லெட்டர் வாங்கும். தம்பி சும்மா கீறான், எதுனா ஒண்ணு படுத்துகினா அவன் வருவான்."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு மிஷினா? எங்க வூட்ல அந்த வேலைக்கு நானே கீறேன்."

என் பெண் ரேணுகா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாப்பிட்டு முடித்ததும் எங்களை உட்கார வைத்துக் கேட்பார். இந்த வருஷம் என்னென்ன படம் பார்த்தீர்கள், என்ன பாட்டுக் கேட்டீர்கள், என்ன படித்தீர்கள். ஒவ்வொன்றையும் அண்ணனில் அடித்துவைப்பார். பிடித்ததா, மறுபடி பார்க்கலாமா என்றும் கேட்பார். ரேணுகாவின் பட்டியல் நீளமாக இருக்கும். நூலகத்துப் புத்தகம், டி.வி. தொடர், எல்லாம் சொல்வாள். ஒரு வருஷம் நான் சொன்னது ஒரே படம், அதுவும் இடைவேளை வரைக்கும். அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது. "பாதி படம்" என்று அப்படியே அடித்துக்கொண்டார். எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நான் கேட்டதில் பெரும்பாலும் அமிர்தவல்லி அக்காவின் பாட்டுத்தான் இருக்கும். அக்கா எங்கள் எதிர் வீடு. மார்கழியில் விடியற்காலை பஜனை கிளம்பினால் முன்னால் போவது அவர். மலையில் இருக்கிற ஈசன் மேல் தானே பாட்டுக் கட்டுவார். அடுப்படியில் நின்றுகொண்டே கட்டுவார். நாற்பத்தொரு பாட்டு. வார்த்தைகளை நோட்டில் எழுதிவைத்திருந்தார். மெட்டு மட்டும் அவர் தொண்டையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மார்கழியும் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போவார். பிறகு கேசட்டில் இருந்ததை அண்ணனுக்குள் ஏற்றுவார். ஏற்றியபின் அதே கேசட்டில் வேறு எதையாவது பதிந்துவிடுவார்.

இரண்டாயிரத்து மூன்று ஆடியில் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. பிழைத்து வந்தார், அது ஈசன் புண்ணியம். ஆனால் குரல் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. ஒரு சிலேட்டு வாங்கிக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அதில் எழுதிக் காட்டினார்: "சடையா, என் பாட்டு ஒன்கிட்ட பத்திரமா கீதா?"

"கீதுக்கா. தீபாவளிக்கு எல்லாத்தையும் சி.டி. போட்டு கையில குடுக்கறேன்" என்றார் இவர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மிஷின், இவருடைய ஸ்க்ரூ டிரைவர், ரேணுகாவின் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தேன். இவர் வழக்கம்போல ஒரு கீபோர்டை மட்டும் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். இடுக்கில் அண்ணன் ஊங் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது? ஊரே இன்னிக்கு ஆயுதத்த வேலை வாங்காம வெச்சிகினு கீது. நீங்க வாலக் காட்டி சாமிய ஏமாத்தறீங்களா?"

"அத நிறுத்தக் கூடாதும்மே. எழுநூத்தி அறுவது நாளா நிக்காம ஓடறான்."

"அப்ப எழுநூத்தி அறுவது நாளா ஓய்வே குடுக்கல. பாவம் இல்லையா?"

பூஜை விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. மூன்றையும் ஒழுங்காக அணைத்தார். கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டியின் ஒயரையும் கழற்றினார். தூசி தட்டினோம். நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து, பொரிகடலை படைத்தேன். அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டிவிட்டு அவர் அண்ணனைப் போட்டார். விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ முனகியது. அவ்வளவுதான். மறுபடி போட்டார். மறுபடி முனகல்.

"இன்னாச்சிப்பா?" என்றாள் ரேணுகா.

"டிஸ்க்கு சுத்த மாட்டேங்குது. உள்ள ஒரு தட்டு சுத்தும். வருஷக்கணக்கா சூட்டுலயே சுத்தினு இருந்துது. நேத்து ஆறிப்போச்சி. உள்ள இருக்கற எண்ணெ இறுகிகிச்சி போல."

"வேற காப்பி இல்லியா?"

"தம்பில போடணும்னு இருந்தேன். சி.டி. போடறப்ப சேத்துப் போட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

அக்காவின் பாட்டு நாற்பத்தொன்றும் அந்தத் தட்டில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை. கேசட்டில் இருந்ததைத்தான் அழித்து அழித்துப் பதிந்துவிட்டோமே. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. சாமி முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. நான்தானே நிறுத்தச் சொன்னேன், அதுவும் சாமி பெயரைச் சொல்லி.

விளக்குக்கு எண்ணெய் விடும்போதுதான் தோன்றியது.

"ஏங்க, மார்கழியில தேங்காண்ணெ இறுகிச்சினா இன்னா செய்வோம்?"

"வெயில்ல வெப்போம்."

"இதையும் வெச்சா?"

அவர் என்னையே பார்த்தார். "பைத்தியக்காரத்தனமா கீது" என்றார். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, வேட்டித் துணியில் சுற்றி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். வடகம் காய வைக்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு ரேணுகாவைக் காவலுக்கு உட்கார வைத்தோம். காக்கை ஒன்று வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "போ, இது வடகம் இல்ல, அண்ணன்" என்று விரட்டினாள்.

தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது கீழே கொண்டுவந்தார். ஒயரை மாட்டி, கையில் பிடித்து, பூட்டுத் திறக்கிற மாதிரி வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். முனகல். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை ஊங் என்று கேட்டது. ரேணுகா கத்திவிட்டாள்.

"கத்தாத. இப்ப நின்னா இனிமே எழுந்துக்காது" என்றார். "முதல்ல எதப் போடறது? ஒன் காதுகுத்து வீடியோவும் இதுலதான் கீது."

"அத்தை பாட்டு முதல்ல போடுப்பா. என் காது என்கிட்டதான் கீது."

தம்பிக்குள் ஒவ்வொரு பாட்டாகப் போக ஆரம்பித்தது. ஒரு பாட்டு போக ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இருபது. முப்பது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு முடிந்ததும் கரண்ட் போனது.

பேட்டரிப் பெட்டி தாங்கவில்லை. எப்படித் தாங்கும்? பூஜைக்குக் கழற்றிய ஒயர் அப்படியே கிடந்தது. பெட்டியின் மேல் நான் வைத்த பொட்டு, அதன் மேல் வாடின சாமந்தி. அவசரத்தில் யாருக்கும் நினைவில்லை.

"ஊருக்கெல்லாம் கரண்ட் செய்யிற எடத்துல வேலை. ஒரு ஒயர மாட்டத் தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கரண்ட் வந்தபின் எத்தனை திருப்பியும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வெயிலில் வைத்தோம். இல்லை. அப்போதுதான் அவருக்கு வருஷப் பட்டியல் நினைவு வந்தது. ஏழு வருஷம் அடித்தது. "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிருக்கும். அவ்ளோ சின்னது. தோணவே இல்ல" என்றார். நான் அழுதேன். "ஏன் அழற? பாத்த படம் பாத்ததுதான். அத எழுதினது போச்சி" என்றார்.

ஆனால் மூன்று பாட்டுப் போனதற்கு அவருக்கு அப்படி ஒரு சமாதானம் கிடைக்கவில்லை. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர் வீட்டுப் பக்கம் பார்க்காமலே பஸ்ஸுக்குப் போனார்.

தீபாவளிக்கு முதல் நாள் சி.டி.யோடு அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டோம். இவர் வாய் திறப்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தச் சொன்னது நான் என்றும், எந்த மூன்று பாட்டு இல்லை என்றும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். போடு என்று கையைக் காட்டினார்.

முதல் பாட்டு வந்தது. அந்தக் குரல் எங்கள் கூடத்தில் கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. அக்கா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது பாட்டில் படக்கென்று கண்ணைத் திறந்து சிலேட்டை எடுத்தார்.

"இதுல சுருதி எறங்குது. இத எடுத்துடு."

"அழிக்கற வேலை இனிமே என்னால ஆகாதுக்கா. கேக்க வேணாம்னா தாண்டிப் போயிடு" என்றார் இவர்.

அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். வெறும் காற்று. பிறகு சிலேட்டைத் துடைத்து என் பக்கம் திருப்பி எழுதினார்: "நிறுத்தச் சொன்னவதானே நீ? மூணையும் நீ பாடு."

"எனக்கெங்கக்கா பாட வரும்?"

"பன்னண்டு வருஷமா என் பின்னாலதானே நடந்த?"

மறுநாள் எண்ணெய்க் குளியல், சாமி, பலகாரம் எல்லாம் முடிந்தபின் அக்கா நோட்டோடு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இவர் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை என் முன்னால் வைத்தார். வெளியே சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து நான் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே அக்கா கையை உயர்த்தினார். மேலே, இன்னும் மேலே என்று காட்டினார். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி கை உயர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆறாவது தடவையோ ஏழாவதோ, பல்லவி தாண்டியும் அக்கா கையை உயர்த்தவில்லை. தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

பாடி முடித்ததும் இவர் முதலில் தம்பியில் போட்டார். அப்புறம் நடுவுலதில் போட்டார். அப்புறம் சி.டி.யில். கடைசியாக அலமாரியிலிருந்து ஒரு கேசட்டைத் தேடி எடுத்து அதிலும் பதிந்து, அதன் மேல் எதையும் பதிய முடியாதபடி ஓரத்துப் பிளாஸ்டிக்கை உடைத்துப் போட்டார்.

"இன்னும் ரெண்டு கீது" என்று அக்கா சிலேட்டில் எழுதினார்.