கயிற்றின் கடைசி ஆள்

எட்டாம் வகுப்பில் என்னைவிடப் பாரமான பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. கணக்கில் என்னைவிட மோசமான பிள்ளையும் இல்லை. இந்த இரண்டு பெருமைகளையும் சுமந்துகொண்டு நான் வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஆண்டு முடிவில் கணக்கில் தேறாவிட்டால் அதே வகுப்பில் இருத்திவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏழாம் வகுப்பில் என் தங்கச்சி படித்தாள், எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரி. நான் தேறாவிட்டால் அடுத்த தையில் புது வகுப்பு தொடங்கும்போது அவளோடு ஒரே வகுப்பு. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பொய் சொல்லக்கூடாது, இறங்கும். ருசிக்காது.

வகுப்பில் நான் வாய் திறப்பதில்லை. திறந்தால் பிழை வரும், எல்லோரும் சிரிப்பார்கள். கணக்கு மாஸ்டர் என் பக்கம் திரும்பினால் உடனே என் பென்சில் கீழே விழும். நான் வாங்குக்கு அடியில் தேடத் தொடங்கிவிடுவேன்.

மாசியில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. எங்கள் இல்லத்தின் கயிறிழுக்கும் குழுவில் ஒருவனுக்குக் காய்ச்சல். அவன் இடத்துக்கு என் உடம்பைப் பார்த்துச் சேர்த்தார்கள். என் மூளையைப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

கயிறு, வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது மிஞ்சியது. கப்பல் கட்டுகிற கயிறு, பிள்ளைகளின் கைக்கு அடங்காது. என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டுகிற வேலை. பின்னேரம் தோலுரிந்த கையோடு வருவார், அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். போட்டியன்று காலையில், மகனும் கயிறு பிடிக்கப் போகிறான் என்று என் இரண்டு கைகளிலும் அம்மா தாராளமாகப் பூசினார். அப்பாவுக்கு வேலை முடிந்த பிறகு பூசுவதை எனக்குத் தொடங்குவதற்கு முன்பே பூசிவிட்டார். பாசத்தில் செய்த பிழை, யாரைக் கோபிப்பது?

விசில் ஊதியதும் கயிறு கணவாய் மீன் மாதிரி என் கைக்குள்ளால் வழுக்கிப் போனது. முதல் இழுப்பில் தோற்றோம். இல்லத் தலைவன் ஓடி வந்தான்.

"உன்ர கையில என்னடா?"

"எண்ணெய்."

"ஆர் பூசினது?"

"அம்மா."

அம்மா என்றதும் அவனால் ஏசவும் முடியவில்லை. "போய்க் கடைசியில நில். பிடிக்க ஏலாட்டியும் பரவாயில்ல, சும்மா நில்" என்றான்.

கடைசியில் கயிற்றின் வால் கிடந்தது. துறைமுக இரும்புக் கட்டையில் அப்பா கயிற்றைச் சுற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல வாலை இடுப்பில் சுற்றிக்கொண்டு மண்ணில் குந்திவிட்டேன். அப்படிக் குந்தலாமா என்று விதியைப் பற்றி நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. எதிர்ப்பக்கத்தார் என்னை அசைக்கப் பார்த்துக் களைத்துப் போனார்கள். அடுத்த இரண்டு இழுப்பும் எங்களுக்கு.

திங்கட்கிழமை மாஸ்டர் கேட்டார். ஒரு குழாய் தொட்டியை நாலு மணித்தியாலத்தில் நிரப்பும், இன்னொன்றும் அப்படியே. இரண்டையும் திறந்தால்? என் கை தானாக உயர்ந்தது. "எட்டு மணித்தியாலம், சேர்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னோடு கயிறிழுத்தவன் முன்வாங்கிலிருந்து திரும்பிக் கேட்டான்: "ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாக் கயிறு கெதியா வருமோ, ஆறுதலா மெல்ல வருமோ?"

"கெதியா."

"அப்ப தண்ணியும் அப்பிடித்தானே."

விளையாடினால் மூளை வளரும் என்று பிற்காலத்தில் பலர் சொல்லிக் கேட்டேன். எனக்கு வளர்ந்ததாக ஞாபகமில்லை. பிழையாகச் சொன்னாலும் என்னை ஒரு ஆளாக மதிப்பார்கள் என்ற தைரியம் மட்டும் வந்தது. அதன்பின் நாள்தோறும் கை உயர்த்திப் பிழையாகச் சொன்னேன், மாஸ்டர் நாள்தோறும் திருத்தினார். பென்சில் விழுவதும் நின்றுவிட்டது.

மார்கழியில் றிப்போட் வந்தது. கணக்குக்கு முப்பத்தெட்டு, மூன்று புள்ளிகளால் தப்பினேன். வீட்டுக்கு ஓடினேன். தங்கச்சி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பெரிய மானம் தப்பியது என்றுதான் நினைத்தேன்.

"நான் பாஸ்" என்றேன்.

"நல்லது அண்ணா. அப்ப தையில எங்கட வகுப்புப் பெடியளிட்டச் சொல்லோணும்."

"என்னத்தை?"

"யன்னலடி வாங்கு இனி வேண்டாமெண்டு. நீங்க தேறாட்டி உங்களுக்கெண்டு சொல்லி வைச்சனான். அண்ணா வந்தா ஒருத்தரும் சிரிக்கப்படாதெண்டும் சொன்னனான்."

அந்த ஒரு வருடமும் நான் பயந்தது இவளுக்குப் பக்கத்தில் இருப்பதற்குத்தான். றிப்போட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.