மயக்கத்தில் வீடு மாறிப் போனேன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். சுரங்கத்தில் இருபது வருஷம் ஷிப்ட் பார்த்தவன், கண்ணால் பார்க்காததை நம்பமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் ராஜாங்கம் அண்ணன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், அவரைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரியில் நான் உளறிய உளறல்தான்.

தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம். எங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு, அதே வாசல், அதே ஜன்னல், அதே சுண்ணாம்பு. முன்பெல்லாம் வாசலில் நிற்கிற பலாமரத்தையோ மாமரத்தையோ வைத்துத்தான் வீட்டை அடையாளம் கண்டுபிடிப்போம். புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதும், ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவர்கள் வீடு மாறிப் புகுவது சகஜமாகிவிட்டது. நானும் ஒருநாள் காலையில் பின்தெரு ராஜாங்கம் அண்ணன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு "செல்வி, காபி" என்று கேட்டிருக்கிறேன். அவரும் சிரிக்காமல் போட்டுக் கொடுத்தார். என் மனைவி செல்வி அந்தக் கதையைத் தெருத் தெருவாகச் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை. மயக்கம் தெளியும்போது மனசில் இருப்பதெல்லாம் வாயில் வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பத்தியச் சாப்பாடு என்று பெயர் பண்ணிவிட்டு வடலூரில் புரோட்டா தின்றது செல்விக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் எனக்கு நடுக்கம்.

காலை ஒன்பதரைக்குப் பச்சை அங்கி மாட்டி, தலையில் பச்சைத் தொப்பி போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தைக் கை நரம்பில் ஏற்றினார். கை சுரீரென்று எரிந்தது. "நூறுலேருந்து பின்னாடி எண்ணுங்க சார்" என்றார். தொண்ணூற்றேழு வரைக்கும் எண்ணினேன், தொண்ணூற்றாறு எங்கே போனதென்று தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்ததும் வறண்ட தொண்டையோடு கத்த ஆரம்பித்தேனாம். "வூட்டுக்கு ஓடுங்க, பாத்ரூம்ல ஆளு வுழுந்து கெடக்குறாரு, மண்டையில ரத்தம், பின்கதவு தெறந்துதான் இருக்கு!" டாக்டரம்மா சிரித்தாராம். "இந்த மருந்துல கனவு வர்றது சகஜம்மா. போன வாரம் ஒருத்தர் முழிச்சதும் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாரு." ஆனால் நான் அடங்கவில்லை. இரண்டு பேர் பிடித்தும் கட்டிலைவிட்டு எழப் பார்த்தேனாம். வேறு வழியில்லாமல் செல்வி தன் தம்பி குமாரிடம் சாவியைக் கொடுத்துப் பைக்கில் அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் அவனிடமிருந்து போன். "அக்கா, வூடு பூட்டித்தான் கெடந்துச்சு. உள்ள ஒரு பூனைகூட இல்ல. மாமாவுக்கு இன்னும் தெளியல."

நான் விடவில்லை. "நீலப் பீரோ தாண்டி, நீலப் பீரோ தாண்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். எங்கள் வீட்டுப் பீரோ சாம்பல் நிறம். செல்விக்குச் சட்டென்று பொறி தட்டியது, போனிலேயே கத்தினாள்: "டேய் குமாரு, உங்க மாமா மறுபடியும் வூடு மாறிப் பூந்துட்டாரு! பின்தெரு ராஜாங்கம் அண்ணன் வூட்லதான் நீலப் பீரோ, அங்க போய்ப் பாருடா!"

ராஜாங்கம் அண்ணனின் சம்சாரம் மகள் பிரசவத்துக்காகக் காடாம்புலியூர் போயிருந்தார். வீட்டில் அவர் தனி ஆள், சர்க்கரை வியாதி வேறு. குமார் போனபோது முன்கதவு சாத்தியிருந்தது, பின்கதவு திறந்திருந்தது, நீலப் பீரோவைத் தாண்டிப் பாத்ரூமில் அவர் ரத்தத்தில் கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் விழுந்தது பத்தரை மணி வாக்கில். அப்போது நான் ஆபரேஷன் மேஜைமேல் கிடந்தேன்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "தூங்கறவங்கள தட்டினா எழுந்துடுவாங்க சார். நீங்க இருந்தது தூக்கமில்ல. கைகால் அசையாம இருக்க மருந்து, தொண்டையில குழாய், மூச்சுகூட மெஷின்தான் விட்டுச்சு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ராஜாங்கம் அண்ணனைப் பார்க்கப் போனேன். தலையில் கட்டு, முகத்தில் அதே சிரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம்கூட எதிர்பாக்கல தம்பி, பச்சை சட்டை, பச்சைத் தொப்பியோட வந்து குனிஞ்சு பாத்தீங்க, இருங்கண்ணே, ஆளனுப்புறேன்னீங்க. வந்தவங்களுக்குத் தண்ணி தரக்கூட முடியலியேன்னு எனக்கு ஒரே வருத்தம்" என்றார். நான் போட்டிருந்த அங்கியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா தம்பி, கூட வந்தவரு யாரு? பின்கதவாண்டயே நின்னுக்கினு இருந்தாரே, உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், வரல. நீங்க திரும்பினதும் உங்க கையைப் புடிச்சு இழுத்துக்கினு போகப் பாத்தாரு. நீங்கதான் கையை உதறிட்டு, 'இப்ப வேலை இருக்குதுங்க, அப்புறம் கண்டிப்பா வரேன்'னு சொல்லிட்டு ஓடுனீங்க."

இப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன், புரோட்டாகூடத் தின்கிறேன். ஆனால் அன்றிலிருந்து, யார் எங்கே கூப்பிட்டாலும் "அப்புறம் வரேன்" என்று மட்டும் சொல்வதில்லை. ஒருத்தரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேன், அவர் யாரென்றுதான் எனக்குத் தெரியவில்லை.