தட்டாமல் விட்ட இடம்

பழைய கேபின் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று என் மனைவியின் தம்பி போன் செய்தான். எனக்கு நீந்தத் தெரியாது. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் ஜன்னல் பக்கமிருந்து உள்பக்கம் நகர்ந்து உட்காரும் ஆள் நான். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த அன்று, தளம் தாங்குமா என்று கீழே படுக்காமல் வராந்தாவில் படுத்தவன். என்னைப் போய் படகு பார்க்கக் கூப்பிடுகிறாயே என்று அவனையே கேட்டேன்.

"அதுக்குத்தான் மாமா கூப்புடுறன். நான் ஆசைப்பட்டுட்டன், எனக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும். நீங்கதான் குறை கண்டுபுடிக்கிற ஆளு. சும்மா வாங்க."

மச்சான் கடலூர் முதுநகரில் டீசல் எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சுனாமி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழியில் அலையாத்திக் காடு பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே உட்கார அறை வைத்த படகு ஒன்றைக் கொண்டுபோய் அங்கே விட்டால் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏறுவார்கள் என்பது அவன் கணக்கு. அதற்கு முன்னால் முதல் சவாரி நம் வீட்டுப் பெண்களோடு என்று முடிவே செய்துவிட்டான். புதுப் படகில் வீட்டுப் பெண்களின் காலடி முதலில் பட வேண்டுமாம். அந்தப் பட்டியலில் ஒன்பது வயதான என் மகளும் இருந்தாள். அதனால்தான் போனேன், இல்லாவிட்டால் தலைவலி என்று சொல்லிப் படுத்திருப்பேன்.

என் பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. சுனாமி வந்த வாரம் எங்கள் அலுவலகத்திலிருந்து சிலரைக் கடலோர ஊர்களுக்கு அனுப்பினார்கள். எனக்கு முகாமில் பெயர் எழுதும் வேலை. ஒவ்வொரு குடும்பமாக வந்து நிற்பார்கள். எத்தனை பேர் என்று கேட்பேன். ஐந்து என்று ஆரம்பித்து, நிறுத்தி, மூன்று என்பார்கள். வெளியே தார்ச் சாலையில் ஒரு ஃபைபர் படகு குறுக்கே கிடந்தது, பஸ்ஸே போக முடியாமல். அன்றிலிருந்து கரையில் கிடக்கிற படகைப் பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் மரக்கட்டைகள் மேல் அதை ஏற்றி வைத்திருந்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு அடி நீளம். முன்பாதியில் தாழ்வான கூரை போட்ட அறை, பின்பாதியில் திறந்த தளம், தளத்துக்கு அடியில் எஞ்சின். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்து, அவரிடமிருந்து இரண்டு மூன்று கை மாறி வந்தது என்று விற்கிறவர் சொன்னார். நல்ல மனிதர், வந்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பெயின்ட் ஏன் இவ்வளவு புதுசாக இருக்கிறது என்று முதல் வாய் குடிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பவுடர் போட மாட்டமா சார்?" என்று அவர் சிரித்தார்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். ஃபைபர் படகை அப்படித்தான் பார்ப்பார்கள், தேங்காய் தட்டி வாங்குகிற மாதிரி. கெட்டியான இடம் 'டிக் டிக்' என்று சொல்லும். உள்ளே தண்ணீர் இறங்கி அடுக்கு விட்டுப்போன இடம், விரிசலை மக்குப் பசை வைத்து மூடிய இடம், இதெல்லாம் 'தொப்' என்று ஊமையாகச் சத்தம் தரும். அவன் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே வந்தான். நான் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சைப் பிடித்து விட்டேன். புரொபெல்லர் தண்டு ஆடுகிறதா பார், எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா பார், ஓட்டை போட்டுக் குழாய் வைத்த இடமெல்லாம் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் சலிக்காமல் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அறைக்குள் இறங்கினேன். குனிந்துதான் நிற்க முடிந்தது. முன்பக்கம் குறுகிக்கொண்டே போகிற இடத்தில் இரண்டு மெத்தைகள். பூஞ்சை வாடை, பழைய டீசல் வாடை. வெளியே போக ஒரே ஒரு கதவு, அதுவும் எனக்குப் பின்னால். படகு தரையில், கட்டை மேல் நிற்கிறது என்று தெரிந்தும் தண்ணீர் தரையிலிருந்து ஏறி வருகிற மாதிரி இருந்தது எனக்கு. காது அடைத்தது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஜன்னல். கதவு வழியாகப் போக முடியாமல் போனால் என் மகளின் தோள் இதற்குள் நுழையுமா என்று சாண் வைத்து அளந்தேன். குறுக்கே ஒரு தடவை, மேலும் கீழுமாக ஒரு தடவை.

தலை நிமிர்ந்தால் மச்சான் வெளியிலிருந்து அதே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னா மாமா, கர்ட்டனுக்கு அளவு எடுக்கறீங்களா?" விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விற்கிறவரைக் கூப்பிட்டுச் சொன்னான். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதில் ஒருவர், "கட்டை மேல இருக்கறப்பவே முழுகுதா சார் உங்களுக்கு?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். முகமெல்லாம் எரிந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் மச்சான் படகின் மூக்குக்கு வந்து சேர்ந்தான். மீனவர்கள் அதை அணியம் என்பார்கள். அங்கே நெஞ்சு உயரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சளைக் குழைத்து அப்பி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, சிவப்புத் துணி கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மச்சான் காசைப் பையில் போட்டான். செருப்பைக் கழற்றினான். மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுற்றிப் போய், மறுபக்கத்தில் காசை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

நான் அதைப் பார்த்தேன். அங்கே தட்டவில்லையே என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. அப்போதுதான் சிரித்து ஓய்ந்திருக்கிறார்கள், இன்னொரு தடவை சிரிப்பார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, படகுக்கு அதுதான் முகம். ஆயுத பூஜைக்கு சைக்கிளில் வைத்த பொட்டையே தானாக அழியும்வரை துடைக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். பொட்டு வைத்த முகத்தில் காசால் அடி, சுரண்டு என்று எப்படிச் சொல்வது? சொல்லி, நாளைக்கு என் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால், சாமி குத்தம் என் வாயால் வந்ததாக ஆகும். தண்ணீருக்கும் பயந்தேன், அம்மனுக்கும் பயந்தேன், நாலு பேர் சிரிப்புக்கும் பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றே பேசி முடித்தார்கள். சாயங்காலம் சிதம்பரத்தில் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, எல்லாம் நல்லா பாத்தீங்களா? புள்ளய கூட்டிகினு போறோம்."

மகள் வீட்டுப்பாடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தாச்சு" என்றேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. உங்க கண்ணுக்கே ஒண்ணும் படலன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

படகை ஆற்றில் இறக்கினார்கள். தினமும் போன் செய்து உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று கேட்டேன். "ஒரு சொட்டு இல்ல மாமா, தரை தூசியா கெடக்குது" என்பான். நாலு நாள் அப்படியே போனது. எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. மஞ்சள் பூசிய அந்த இடம் படகு மிதக்கும்போது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கும், ஆற்றில் நனையாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். மச்சான் அதே இடத்தில் புது மஞ்சள் அப்பி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தான். முதலில் என் மனைவி ஏறினாள், பிறகு மச்சான் மனைவி. என் மகள் பலகையில் ஒரு காலை வைத்து, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் முடிச்சை மூன்றாவது முறையாக இறுக்கினேன். ஏறிவிட்டாள். கடைசியாக நான் ஏறினேன்.

ஆற்றுக்குள் எல்லாம் சுகமாக இருந்தது. மச்சானே ஓட்டினான். பெண்கள் பின்தளத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மகள் வெயிலுக்கு அறைக்குள் போய் மெத்தையில் படுத்தாள். கதவைத் திறந்து என் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். துறைமுகம் தாண்டி முகத்துவாரம் வந்தது. இங்கேயே திரும்பிவிடலாம் என்றேன். "கடலைக் காட்டிட்டுத் திரும்பிடுறன் மாமா." அலை வந்து அணியத்தில் தொம் என்று மோதியது. மறுபடி தொம். மூக்கு தூக்கிக் கீழே விழும்போதெல்லாம் நான் கதவை இறுக்கிப் பிடித்தேன்.

"அப்பா, மெத்தை நனையுது."

உள்ளே இறங்கினேன். கணுக்கால்வரை தண்ணீர். அது ஓசையில்லாமல் மெத்தைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மகள் மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மச்சான் என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் என் மனைவி பார்த்துவிட்டு அலறினாள். மச்சான் பம்பைப் போட்டான். அது உறுமியதே தவிர தண்ணீர் வெளியே போகவில்லை; அதன் வாயில் பழந்துணி அடைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. படகைத் திருப்பினான். மூக்கு கனத்துவிட்டது. கனத்துத் தாழத் தாழ, தண்ணீர் வருவதும் வேகமானது. மகளை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன். நாலே அடி. முழங்காலுக்கு மேல் தண்ணீர், வழுக்குகிற தரை, மிதந்து வந்து காலில் இடிக்கிற மெத்தை. முகாமில் என் முன்னால் நின்று ஐந்து என்று தொடங்கி நிறுத்தியவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. நம் வீட்டில் எத்தனை என்று என்னை யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

மச்சான் எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, கரையோரச் சேற்றில் கொண்டுபோய்ப் படகை ஏற்றிவிட்டான். அந்தப் புத்திதான் எங்களைக் காப்பாற்றியது. இடித்த வேகத்தில் எல்லாரும் விழுந்தோம். மீன்பிடிக்கிற ஒரு ஃபைபர் படகுக்காரர்கள் வந்து பெண்களையும் குழந்தையையும் முதலில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் அழவில்லை. அழுதது நான்தான், அத்தனை பேர் முன்னாலும், வெட்கமே இல்லாமல்.

மறுநாள் தண்ணீர் வற்றிய நேரத்தில் நானும் மச்சானும் போய்ப் பார்த்தோம். மஞ்சள் கரைந்து, பெயின்ட் உரிந்து, அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். எப்போதோ எதிலோ மோதியதை மக்கு வைத்து மூடியிருக்கிறார்கள். மச்சான் கட்டைவிரலால் அழுத்தினான். டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விற்றவருக்குப் போன் போட்டுக் கத்தினான். அவர் சத்தியம் செய்தார்.

"நான் வாங்கறப்பவே அங்க மஞ்சளும் பொட்டும்தான் சார் இருந்துச்சு. சாமி எடத்த எப்புடி சார் சொரண்டறது?"

மச்சான் போனை வைத்துவிட்டான். அவனும் அதைத்தானே செய்தான். நானும்தானே.

அடுத்த வாரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், மன்னிப்புக் கேட்க. கையில் பலகாரப் பொட்டலம். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"தப்பு என்னுதுதான்க்கா. எல்லா எடமும் தட்டுனவன் அந்த ஒரு எடத்த விட்டுட்டன். மாமா பாத்திருந்தா அங்கயே சொல்லியிருப்பாரு. அவரு கண்ணுல படல."

என் மனைவி பொட்டலத்தை வாங்கிப் பிரித்து வைத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். பார்த்தேன் மச்சான், பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன் என்று இரண்டு வார்த்தை. அவன் தலை குனிந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் மகள் பொட்டலத்திலிருந்து முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கு ஏறவே பயமா இருந்துச்சு மாமா. பலகையில நின்னு அப்பாவப் பாத்தன். அப்பா ஒண்ணுமே சொல்லல. அதான் ஏறிட்டன்."

சொல்லிவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாள். நான் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் இப்போது பெரியவளாகிவிட்டாள். அந்த இடத்தை நான் பார்த்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருக்கிறது.